கூட்டத்துக்கு முன்பே போட்ட கையெழுத்து

எங்கள் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மாவுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்கு அடையாளம் தெரியும் என்று நினைக்கிறேன். 2025 மே 1 கிராம சபையில், கையில் நீல ஃபைலோடு முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கழிவுநீர் லாரி பற்றிப் பேச்சு வந்ததும் மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்ததே, அந்த ஆள் நான்தான்.

இதை நேரில் வந்தே சொல்லியிருக்கலாம். இரண்டு முறை ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தேன். ஒரு முறை பூட்டியிருந்தது. இன்னொரு முறை உங்கள் நாற்காலியில் உங்கள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. ஏன் என்பதற்கு அப்புறம் வருகிறேன். உங்கள் பெயரையோ ஊர்ப் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் இதைப் படிக்கும் வேறு தலைவர்கள் சிலர் ‘இது நம்மைத்தான் சொல்லுது’ என்று நினைத்துக்கொண்டால் எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை.

எட்டு வருஷமாக உங்கள் ஊராட்சியில் குடியிருக்கிறேன். மனை வாங்கும்போது டிடிசிபி அப்ரூவல் இருக்கிறதா, ஜிஎஸ்டி ரோட்டுக்கு எத்தனை நிமிஷம், தண்ணீர் உப்பா நல்லதா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டேன். எந்த ஊராட்சி என்று கேட்கத் தோன்றவில்லை. பத்திரப் பதிவன்றுதான் அந்தப் பெயரையே படித்தேன். கிராம சபை என்றால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பாடம், டிவியில் பெரிய தலைவர்கள் ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்காரும் காட்சி. அது என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் நடக்கிறது என்பது எனக்கு உறைத்ததே இல்லை.

எனக்குச் சொன்னவர் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா. ஏப்ரல் 30ஆம் தேதி சாயங்காலம் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, “நாளைக்கு வரமாட்டேன் சார், கிராம சபை” என்றார். வீட்டில் விசேஷம், லீவு வேண்டும் என்று சொல்வதுபோல அவ்வளவு இயல்பாக. பதினோரு வருஷமாக ஒன்றிரண்டைத் தவிர எல்லாக் கூட்டத்துக்கும் போயிருக்கிறாராம்.

உங்கள் தரப்பிலிருந்து எங்கள் நகருக்கு, அதாவது கேட் போட்ட எங்கள் மனைப்பிரிவுக்கு, அறிவிப்பு எதுவும் வரவில்லை. முன்பெல்லாம் தண்டோரா போடுவார்கள். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலராக இருந்த இறையன்பு, இனி தண்டோரா வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்று ஆட்சியர்களுக்கு எழுதினார். நல்ல காரியம்தான். அந்த வேலை காலங்காலமாக ஒரே சாதியின் தலையில் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த ஒலிபெருக்கி வண்டி எங்கள் நகர் கேட்டுக்குள் வந்ததில்லை. வந்திருந்தாலும் எங்கள் வாட்ச்மேன் விட்டிருக்க மாட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினொரு மணிக் கூட்டத்துக்கு பத்தே முக்காலுக்கே வந்துவிட்டேன். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி, வேப்பமரம், பாதி வெயிலும் பாதி நிழலுமாக ஒரு ஷாமியானா. மைக் செட்காரர் “அலோ அலோ” என்று ஊரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நுழைகிற இடத்திலேயே ஒரு மேஜை, மேஜைமேல் நீளமான நோட்டு, நூல் கட்டிய பேனா. ஊராட்சிச் செயலர் என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்று, “வாங்க சார், இங்க ஒரு சைன் போட்டுடுங்க” என்றார்.

போட்டேன். போட்ட பிறகுதான் நோட்டைப் பார்த்தேன். பக்கத்தின் மேல்பாதி வெள்ளையாக இருந்தது. கீழே கையெழுத்துகள், கைநாட்டுகள். என்னுடையது 144ஆவது. “மேல என்ன எழுதுவீங்க?” என்று கேட்டேன். “தீர்மானம்தான் சார். கூட்டம் முடிஞ்சதும் எழுதிக்குவோம்” என்றார். அவர் குரலில் கள்ளம் எதுவும் இல்லை. வருஷக்கணக்காகச் செய்கிற வேலையைச் சொல்வது போலச் சொன்னார். எனக்கு என்னவோ அதுதான் அதிகம் உறுத்தியது.

அலுவலகத்தில் ஒரு பர்ச்சேஸ் ஆர்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு மூன்று முறை படிக்கிற ஆள் நான். வெற்றுத்தாளில் போட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற சங்கடம் உங்களுக்கு இருப்பது புரிகிறது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்பது விதி. நம் ஊராட்சிக்கு 200 பேர் வேண்டும். மே மாத வெயிலில், விடுமுறை நாளில் 200 பேரை உட்கார வைப்பது லேசான காரியமா? அதற்குத்தான் நூறு நாள் வேலை. பணித்தளப் பொறுப்பாளர் ஒரு பட்டியலோடு நின்று பெண்களை எண்ணிக்கொண்டிருந்தார். வராவிட்டால் அடுத்த வாரம் வேலை அட்டையில் பெயர் ஏறாது என்று யாரும் சொல்லவில்லை என்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

அப்புறம் அந்த நாற்காலி. மொத்தம் முப்பது பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும். முன்வரிசையில் ஒன்றைச் செயலரே துடைத்து எனக்குப் போட்டார். நானும் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகு பார்த்தால் எனக்கு இடது பக்கம், கீழே ஜமுக்காளத்தில் எங்கள் வீட்டு அக்கா. பதினோரு வருஷம் வந்தவர் தரையில், முதல் தடவை வந்தவன் நாற்காலியில். எழுந்துவிடலாமா என்று யோசித்தேன். எழவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் சங்கடத்தை மறைக்க உதவினார் என்றே எடுத்துக்கொண்டேன்.

கூட்டத்தைப் பார்வையிட ஒன்றியத்திலிருந்து வந்த அலுவலர், பற்றாளர் என்பார்கள், கூட்டப்பொருளை வாசித்தார். டெங்கு தடுப்பு, மழைநீர் சேகரிப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, ஜல் ஜீவன், கனவு இல்லம் என்று அது எங்கேயோ தயாராகி எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி வந்த தாள். தமிழ்நாட்டின் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ஊராட்சிகளிலும் அதே நேரத்தில் அதே வரிகள் வாசிக்கப்பட்டிருக்கும். அதில் உங்கள் பிழை ஏதும் இல்லை.

அடுத்து வரவு செலவு. நான்கு நிமிஷம். கைக்கடிகாரத்தில் பார்த்தேன். கணக்கு ஒன்று, கணக்கு இரண்டு, கணக்கு மூன்று என்று செயலர் ஒரே மூச்சில் போனார். ஊராட்சியின் பொது நிதி முதல் கணக்கு, மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் கட்டுவதற்கு இரண்டாவது, திட்டப் பணம் மூன்றாவது என்பதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு என் காதில் விழுந்தது “மோட்டார் பழுது, பிளீச்சிங் பவுடர், தெருவிளக்கு, இதரச் செலவினம், மோட்டார் பழுது” என்ற ஒரு சந்தம் மட்டும்தான். “ஏத்துக்கிறீங்களா?” என்று மைக்கில் கேட்டார்கள். யாரோ கைதட்டினார்கள். முடிந்தது.

கூட்டம் முடிந்து வண்டி எடுக்க ஷாமியானாவின் மேற்குப் பக்கமாகச் சுற்றிப் போனேன். அங்கே ஒரு பெரிய பிளக்ஸ் கட்டியிருந்தது. படிவம் 30. ஆண்டு வரவு செலவுச் சுருக்கம். அதை மக்கள் பார்வைக்கு பிளக்ஸ் பேனராக வைக்க வேண்டும் என்று ஊரக வளர்ச்சித் துறை ஒவ்வொரு கிராம சபைக்கும் சொல்கிறது. நீங்களும் வைத்திருந்தீர்கள். மேற்கு வெயில் உள்ளே அடிக்காமல் இருக்க, எழுத்து வெளிப்பக்கம் பார்த்தபடி. உள்ளே இருந்த இருநூறு பேருக்கும் அதன் வெள்ளை முதுகுதான் தெரிந்தது. வெளியே இரண்டு ஆடுகள் அதன் நிழலில் படுத்திருந்தன.

சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் அங்கேயே நின்று படித்தேன். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். உங்களிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: திருட்டைக் கண்டுபிடிக்கும் ஆசையில்தான் படிக்க ஆரம்பித்தேன். பிளக்ஸில் ஊராட்சிக் கணக்கைப் பார்த்தால் நகரத்து ஆளுக்கு முதலில் வருகிற எண்ணம் அதுதான். கண்டுபிடித்தது வேறு. மின்கட்டணம் நான் நினைத்ததைவிடப் பல மடங்கு பெரிய வரி. தண்ணீர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுவதற்கு ஆகும் காசு அது. ‘மோட்டார் பழுது’ ஐந்து இடத்தில் வந்தது. ஒரே மோட்டாரா, ஐந்து மோட்டாரா என்று தெரியவில்லை. ‘இதரச் செலவினம்’ கொஞ்சம் கொழுத்திருந்தது. கேட்க வேண்டிய கேள்விதான் இரண்டும். வரவுப் பக்கத்தில் வீட்டு வரி நிலுவை என்று ஒரு தொகை. அதைப் பார்த்ததும் எங்கள் நகரின் வாட்ஸ்அப் குழுவில் “இந்த பஞ்சாயத்து நமக்கு என்ன செஞ்சுது, எதுக்கு வரி கட்டணும்” என்று ஓடிய பேச்செல்லாம் ஞாபகம் வந்தது. ஊராட்சி வரியை இப்போது போனிலேயே கட்டலாம். நாலு நிமிஷ வேலை. உங்கள் செயலர் கணக்கு வாசித்த நேரம்தான்.

இந்த இருபது நிமிஷம் கூட்டத்துக்கு முன்னால் எனக்குக் கிடைத்திருந்தால், உள்ளே கேட்க என்னிடம் இரண்டு நல்ல கேள்விகள் இருந்திருக்கும். அதற்குப் பதிலாக நீல ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

எங்கள் நகருக்கு வடிகால் இல்லை, மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர், மூன்று மனு கொடுத்தும் பதில் இல்லை என்று வரிசையாகப் பேசினேன். தேதி வாரியாக. அலுவலக மீட்டிங்கில் பேசுகிற தோரணையில். முடித்ததும் ஒரு சின்ன மௌனம். அந்த மௌனத்தில்தான் ஜமுக்காளத்திலிருந்து ஒரு பெண் எழுந்தார்.

“உங்க நகர் கழிவுத் தண்ணி எங்க போகுது சார்?”

எனக்குத் தெரியவில்லை. செப்டிக் டேங்க் நிரம்பினால் நலச்சங்கம் லாரிக்குப் போன் செய்யும், லாரி வரும், போகும். எங்கே போகும் என்று நான் கேட்டதில்லை.

“எங்க ஏரியில ஊத்துறான் சார். ராத்திரி பதினோரு மணிக்கு மேல. ஆடு மாடு குடிக்கிற தண்ணி. நம்பர் வேணும்னா தரேன்.”

அப்போதுதான் கூட்டம் முழுவதும் திரும்பியது. பள்ளியில் வீட்டுப்பாடம் எழுதாமல் நின்றதற்குப் பிறகு அப்படி நான் நின்றதில்லை. வடிகால் கேட்கப் போனவன், கழிவுநீர்க் குற்றவாளியாக நின்றேன். அந்தப் பெண் சொன்னது உண்மை. அடுத்த வாரம் நானே ராத்திரி லாரியின் பின்னால் பைக்கில் போய்ப் பார்த்தேன்.

அந்தக் கேள்விக்கு உங்கள் வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்து, “சரி சரி, அது விசாரிக்கிறோம், உட்காரும்மா” என்றார். அதுவரை எல்லாக் கேள்விக்கும் அவர்தான் பதில் சொன்னார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவ்வப்போது அவர் காதில் ஏதோ சொன்னீர்கள். நான் கவனித்தேன்: நீங்கள் காதில் சொன்ன பதில்கள்தான் சரியான பதில்கள். அவர் சொந்தமாகச் சொன்னவை ‘பார்க்கலாம்’ ரகம்.

பிறகு காலனிப் பக்கம் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது என்று எங்கள் வீட்டு அக்கா எழுந்து கேட்டார். அவர் குரல் எங்கள் வீட்டில் கேட்கிற குரல் இல்லை. அப்போது நீங்கள் மைக்கை வாங்கினீர்கள். கேட்டு வாங்கவில்லை, கையிலிருந்து எடுத்தீர்கள். எந்தத் தெருமுனை வால்வு அடைபட்டிருக்கிறது, டேங்க் ஆபரேட்டர் காலை எத்தனை மணிக்கு எதைத் திறக்கிறார், எந்த வீட்டில் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்று தாளைப் பார்க்காமல் சொன்னீர்கள். மோட்டார் போடும் வீடு எது என்றும் பெயரைச் சொல்லாமல் எல்லோருக்கும் புரிகிறமாதிரி சொன்னீர்கள். கூட்டம் சிரித்தது, பின்வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஐந்து நிமிஷம்தான் அன்றைக்கு நடந்த கிராம சபை. மற்றதெல்லாம் வாசிப்பு.

அதனால்தான் அலுவலகத்தில் அவரிடம் சொல்லாமல் திரும்பினேன். நான் உங்களுக்குப் புத்தி சொல்லும் இடத்தில் இல்லை, உங்கள் வீட்டு நிலவரமும் எனக்குத் தெரியாது. உள்ளாட்சியில் பெண்களுக்கு முதலில் மூன்றில் ஒரு பங்கு வந்தது, 2016இல் சட்டத்தைத் திருத்திப் பாதியாக்கினார்கள். அந்தப் பாதியில் ஒருவராக 2021 அக்டோபரில் வாக்குச்சீட்டில் இருந்த பெயர் உங்களுடையது. ஊராட்சிக் காசோலையில் கையெழுத்துப் போடுவது நீங்களும் துணைத் தலைவரும். நாளைக்குத் தணிக்கையில் ஐந்து மோட்டார் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கையெழுத்தும் உங்களுடையதுதான். மைக் மட்டும் ஏன் வேறொருவர் கையில்?

நூறு நாள் கூலி பற்றிய பகுதியை நான் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு யாரிடமும் பதில் இல்லை. மாதக்கணக்கில் கூலி வரவில்லை என்று பெண்கள் கேட்டார்கள். வர வேண்டிய 1,056 கோடி ரூபாயை விடுவிக்கச் சொல்லி முதலமைச்சர் 2025 ஜனவரியிலேயே பிரதமருக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஒரு நாள் கூலி ஏப்ரல் முதல் 336 ரூபாய் ஆகியிருக்கிறது என்று பற்றாளர் உற்சாகமாக அறிவித்தார். “வந்தா சொல்லுங்க” என்றார் ஒரு பாட்டி.

இந்த ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு சேர்த்துவிட வேண்டும் என்று எங்கள் நகர்க்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த தாளும் என் ஃபைலில் இருந்தது. சாக்கடை வரும், ரோடு வரும் என்பது அவர் கணக்கு. சேர்ந்தால் நூறு நாள் வேலை போகும், வரி ஏறும் என்பது ஜமுக்காளத்தின் கணக்கு. அந்தப் பாட்டியைப் பார்த்த பிறகு அந்தத் தாளை நான் எடுக்கவில்லை. எழுதிக் கொடுத்தவரிடம் நேரம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் இதைப் படித்தால் மன்னிக்கட்டும். அடுத்த முறை அவரே வந்து பேசட்டும்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

நான் லாரி விஷயத்தில் வாயடைத்து நின்றபோது, இளவயது வார்டு உறுப்பினர் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார்: “சார், உங்க ஓட்டு எந்த வார்டுல?”

“வேளச்சேரி” என்றேன்.

அன்றைக்கு வந்த பெரிய சிரிப்பு அதற்குத்தான். சிரிப்பு எதற்கென்று வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் விளங்கியது. கிராம சபை என்றால் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள். குடியிருப்பவர்கள் இல்லை, வீடு வாங்கியவர்கள் இல்லை. அரசியல் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. ஆக, எட்டு வருஷமாக இங்கே இருந்தும் நான் அந்தச் சபையின் உறுப்பினரே இல்லை. முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது ஒரு பார்வையாளர். 144ஆம் கையெழுத்து செல்லாத கையெழுத்து. உங்கள் கோரம் 200ஐத் தாண்டியதா, எவ்வளவு தாண்டியது என்று எனக்குத் தெரியாது. சரியாக 200 என்றால், அம்மா, அன்றைக்கு நடந்த கூட்டத்தை நான்தான் கெடுத்தேன்.

என்னை யாரும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம். பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் சைன் வாங்கினார்கள். என்ன தீர்மானம் என்று பார்க்காமல் நான் போட்டேன். இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பக்கம் நிறைகிறது.

அந்த நோட்டு சாதாரண நோட்டு இல்லை என்று நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். மதுரைப் பக்கம் மேலூர் வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றதும், 2024 நவம்பர் 23 கிராம சபைகளில் அரிட்டாபட்டி உள்ளிட்ட ஊர்கள் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றமும் போட்டது. ஜனவரி 23ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானத்தால் மட்டும் நடந்ததில்லை, மக்கள் வீதிக்கு வந்ததால் நடந்தது. ஆனால் வீதிக்கு வந்தவர்கள் கையில் காட்ட ஒரு தாள் இருந்தது. நமக்குப் பக்கத்து மாவட்டத்தில் ஏகனாபுரத்துக்காரர்கள் பரந்தூர் விமான நிலையம் வேண்டாம் என்று பத்துக்கு மேற்பட்ட முறை தீர்மானம் போட்டுவிட்டார்கள். இன்னும் காது கேட்கவில்லை. இருந்தாலும் ஒவ்வொரு கிராம சபைக்கும் போய் மறுபடி போடுகிறார்கள். நாளைக்கு நம் ஏரிக்கு ஒன்று வந்து, நாம் ஒரு தீர்மானத்தைக் கொண்டுபோய்க் காட்டினால், “உங்க ஊர்ல கையெழுத்து வாங்கிட்டு அப்புறம்தானே எழுதுவீங்க” என்று ஒருத்தன் சொல்லிவிடக் கூடாது.

உத்திரமேரூர் இங்கிருந்து ஒரு மணி நேரம். மே 1 அன்று பற்றாளரும் குடவோலை முறையைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பித்தார். யாரும் அந்தக் கல்வெட்டின் மற்ற வரிகளைச் சொல்வதில்லை. பராந்தகச் சோழன் காலத்து விதி அது. கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும் என்று அன்றைக்கே பெரும்பாலோரை வெளியே நிறுத்திய விதி. எங்கள் வீட்டு அக்காவுக்கு அங்கே ஜமுக்காளம்கூடக் கிடைத்திருக்காது. பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விதியை மட்டும் நான் கடன் வாங்க ஆசைப்படுகிறேன்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது, அவன் உறவுக்காரன் பெயரையும் போடக் கூடாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பு கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பிளக்ஸில் இல்லை.

சரி, நான் கேட்க வந்தது இவ்வளவுதான். ஆகஸ்ட் 15க்கு எப்படியும் ஏழு நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்போடு சேர்த்து, படிவம் 30 பிளக்ஸை ஆகஸ்ட் 8ஆம் தேதியே மாட்டிவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் வேண்டாம். ரேஷன் கடை வாசலில் ஒன்று, அங்கே வரிசையில் நிற்பவர்களுக்குப் படிக்க நேரம் இருக்கும். காலனித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று. எங்கள் நகர் கேட்டில் ஒன்று. கேட்டில் மாட்டுகிற பிளக்ஸுக்கு ஆகும் காசை நாங்கள் தருகிறோம், நலச்சங்கத்தில் பேசிவிட்டேன். முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, “நம்ம கேட்டுல எதுக்கு” என்றார்கள். வீட்டு வரி நிலுவைத் தொகையைச் சொன்னேன். பேச்சு அடங்கியது. ‘மோட்டார் பழுது’ என்று எழுதுகிற இடத்தில் எந்த மோட்டார் என்றும் எழுதச் சொல்லுங்கள். தனியாக ஒரு ஆள் வேண்டாம் அதற்கு, கூடுதலாக இரண்டு சொல் போதும்.

நோட்டு விஷயம். வருகைக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், வாசலில் வாங்கட்டும், பட்டியலைப் பார்த்து வாங்கட்டும். தீர்மானத்தை அங்கேயே எழுதி, மைக்கில் வாசித்து, அதற்குக் கீழே தனியாகக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். அதற்குள் பாதிப் பேர் டீயும் போண்டாவும் முடித்துக் கிளம்பிவிடுவார்கள் என்று செயலர் சொல்வார். சொல்லட்டும். போண்டாவைத் தீர்மானத்துக்கு அப்புறம் கொடுங்கள்.

ஜமுக்காளமா நாற்காலியா என்பதை உங்களிடமே விடுகிறேன். நான் வருகிற அன்றைக்கு என்ன செய்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

கழிவுநீர் லாரியைப் பொறுத்தவரை நீங்கள் எதுவும் விசாரிக்க வேண்டாம். வண்டி எண், தேதி, நேரம், படம் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. அந்த லாரிக்குப் போன் செய்வதை எங்கள் நகர் ஜூன் மாதத்தோடு நிறுத்திவிட்டது. வேறு வண்டி, சுத்திகரிப்பு நிலையத்துக்கே கொண்டுபோகிறவர், கட்டணம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முணுமுணுப்பு இன்னும் அடங்கவில்லை. ஏரியில் ஊற்றியதற்கு என்ன நடவடிக்கை என்பதை ஆகஸ்ட் 15 தீர்மானமாகக் கொண்டுவர அந்தப் பெண்ணிடம் பேசியிருக்கிறேன். அவர் முன்மொழிவார், நான் வழிமொழிவேன்.

வழிமொழிய எனக்கு உரிமை உண்டா என்று அந்த வார்டு உறுப்பினர் கேட்பார். சொல்லிவிடுங்கள்: ஓட்டை இங்கே மாற்றக் கேட்டு மே மாதமே படிவம் 8 கொடுத்தேன். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வந்து பார்த்தார், வேளச்சேரியில் பெயர் நீங்கியது, போன வாரம் இங்கே ஏறிவிட்டது. அவருடைய வார்டுதான்.

வருகைப் பக்கத்தில் வாசலிலேயே போட்டுவிடுகிறேன். தீர்மானப் பக்கத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதுவரை அந்த நூல் கட்டிய பேனாவை யாரும் அவிழ்த்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எட்டு வருஷமாக உங்கள் ஊராட்சியில் குடியிருப்பவன்,
ஒரு வாரமாக வாக்காளன்